வேல் தைத்த நாய்

நாலடியாரின் நட்பாராய்தல் அதிகாரத்திலே யானையையும் நாயையும் எதிரெதிர் நிறுத்தி நட்பின் தரம் காட்டும் வெண்பா ஒன்றுண்டு. நெடுநாட் பழகியும் பாகனைக் கொல்லுவது யானை. தன்னை வளர்த்தவன் எறிந்த வேல் உடம்பிலே தைத்துக் கிடக்கும்போதும் அவனைக் கண்டு வாலைக் குழைப்பது நாய். ஆகவே நண்பரைத் தேர்வோர் யானை போல்வாரை நீக்கி நாய் போல்வாரைக் கொள்ளுக என்பது அதன் கருத்து. இதனைப் பாடஞ் சொல்லாத தமிழாசிரியரும் இலர். இதற்கு நயம் எழுதாத மாணவரும் இலர். உருவாற் பெரியது நட்பிற் சிறிதாயிற்று, சிறியது பெரிதாயிற்று என வியந்து அடுத்த பாட்டுக்குப் போய்விடுகின்றோம்.

அந்த நாய் பின்னர் என்னவாயிற்று? எறிந்தவன் வேலைப் பிடுங்கி மருந்திட்டானா? பிழைக்காதென்று கண்டு அதன் துன்பத்தை விரைவில் முடித்தானா? அன்றி, அந்த வாலாட்டத்தைப் பார்க்க மனம் கூசி, அதனைப் புதரடியிலே விட்டுவிட்டு வீடு திரும்பினானா? புலவர் சொல்லவில்லை, உவமைக்கு அது வேண்டுவதும் அன்று. ஆனால் மாத்தளை மாவட்டத்திலே வாழ்பவர்க்கு இஃது உவமையின் அளவில் நிற்கும் வினா அன்று.

இரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்து மலைகளில் மிளகுக் கொடிக்கும், மரக்கறிப் பாத்திக்கும், லயத்து வாசலுக்கும் நாயே காவல். இரவில் பன்றி வரும், முள்ளம்பன்றி வரும், நக்கிள்ஸ் மலைச்சாரலில் சிறுத்தையும் வரும். பகலில் குரங்குக் கூட்டம். தம்புள்ளை, கலேவெலப் பக்கத்திலோ யானையின் வரவைக் குடியானவனுக்கு முதலில் அறிவிப்பது நாயின் குரல். சம்பளமும் விடுமுறையும் இல்லாத இக்காவலாளி ஆண்டில் எத்தனை முறை புண்படுகின்றது என்பதை எவரும் கணக்கிட்டு வைப்பதில்லை. பன்றியின் கோரை வயிற்றைக் கிழிக்கும். பன்றிக்கென மோட்டார் வண்டியின் பழைய கம்பியைத் திரித்துக் கட்டிய சுருக்கு, ஓடிவரும் நாயின் காலை எலும்புவரை அறுக்கும். இரைக்குள் மறைத்து வைத்த பன்றி வெடி, அதனைக் கவ்விய வாயைச் சிதைக்கும். இவற்றிலிருந்து தப்பிய நாயைக் கண்டி–யாழ்ப்பாண நெடுஞ்சாலையிலே லொறி அடிக்கும்.

அடிபட்ட நாயை என் செய்வது? நம்மவர் கைக்கொள்ளும் வழிகளில் ஒன்றே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று. அது சாக்குப்பை. நாயைச் சாக்கிலிட்டு, வாயைக் கட்டி, ஊருக்கு அப்பாலுள்ள சந்தையடியிலோ, கோயில் மதிலோரத்திலோ, ஆற்றங்கரையிலோ அவிழ்த்துவிட்டுத் திரும்புதல். கேட்டால், நான் கொல்லவில்லை என்பர். அது மெய்யே. பசியும், ஈயும், புழுவும், தெருநாய்களும் நான்கு நாளிற் செய்யப்போவதை அவர் தம் கையாற் செய்யவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவனுடைய தந்தையார், தோட்டமொன்றில் மரக்கறிக் காவல் செய்பவர், இவ்வாறே ஒரு சாக்குடன் பாதையோரத்தில் நிற்கக் கண்டேன். சாக்கு அசைந்தது. ஏழாண்டு அவரோடு பரணின் கீழே படுத்த நாய். லொறிச் சக்கரம் இடுப்பின்மேல் ஏறியிருந்தது.

"என் கையால கொல்ல மனசு வரல்லீங்க ஐயா. கோயிலடியில விட்டுட்டா சாமி பார்த்துக்கும்," என்றார். கல்நெஞ்சினர் அல்லர், கண் கலங்கியிருந்தது. பொல்லாங்கு செய்யும் எண்ணம் இல்லாத நல்லவர் ஒருவர், தம் அன்பினாலேயே தூண்டப்பட்டு, அவ்வுயிருக்குச் செய்யக்கூடியவற்றுள் மிகக் கொடியதைச் செய்யப் புறப்பட்டிருந்தார். அதுவே என்னைத் திடுக்கிடச் செய்தது. அந்த நாயைக் கால்நடை வைத்தியரிடம் கொண்டு சென்றோம். முதுகெலும்பு நொறுங்கிவிட்டது, பின்னுடலில் உணர்வில்லை, மீளாது என்றார் வைத்தியர். ஊசி போடுமுன் தந்தையார் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அது வாலாட்டவில்லை, ஆட்ட இயலாது. அவர் கையை நக்கிற்று.

இதனைக் கேட்ட நண்பர் ஒருவர், அவரும் பண்டிதர், என்னை நேரே கடிந்தார். வள்ளுவர் கொல்லாமைக்கு விலக்கு வைத்தாரா? ஆக்க இயலாத உயிரை அழிக்க நமக்கு உரிமை யார் தந்தார்? துன்பம் வினைப்பயனாயின் அதனை இடையில் அறுக்க நீர் யார்? இவை எளிதில் தள்ளத்தக்க வினாக்கள் அல்ல. என் விடையைச் சொல்லுமுன், இவ்வினாக்களையெல்லாம் நம்மினும் கூர்மையாக எதிர்கொண்ட ஒருவரின் வரலாற்றைக் கூற விரும்புகின்றேன்.

1928ஆம் ஆண்டு சபர்மதி ஆச்சிரமத்திலே கன்று ஒன்று உறுப்புச் சிதைந்து வீழ்ந்தது. இயன்ற மருத்துவமெல்லாம் செய்தனர். மருத்துவர் கைவிட்டார். புரட்டிப் படுக்க வைத்தாலும் வேதனை. காந்தியடிகள் ஆச்சிரமத்தாரை அழைத்து ஆராய்ந்தார். உயிரை எடுக்க உரிமையில்லை என்று என் நண்பர் சொன்னதையே அங்கும் ஒருவர் சொன்னார். எல்லாருடைய உடன்பாடும் கிட்டவில்லை. ஆயினும் அடிகள் முடிவு செய்தார். மருத்துவர் நஞ்சூசி இட்டபோது தாமும் உடன் நின்றார். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது. அதனை மறைக்காமல் தம் பத்திரிகைகளிலே எழுதினார். பசுவைத் தெய்வமென்றும் அகிம்சையைப் பேரறமென்றும் கொண்ட குஜராத்திலே எழுந்த கொதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. வசைக் கடிதங்கள் குவிந்தன. அவர் பின்வாங்கவில்லை, தம் பிள்ளைக்கு அந்நிலை வந்து வேறு உதவி செய்ய வழியின்றேல் அதற்கும் இதுவே தம் கடமையாகும் என்றார்.

அக்கட்டுரையின் மற்றொரு பகுதியை நம்மவர் பெரும்பாலும் நினைவுகூர்வதில்லை. ஆச்சிரமத்து விளைவை அழித்த குரங்குகளைப் பற்றியும் அங்கே அவர் எழுதினார். (குரங்கினால் அழியும் மாத்தளைத் தென்னந்தோட்டக்காரர் தேடிப் படிக்கவேண்டிய பகுதி.) கன்றைக் கொன்றது கன்றின் பொருட்டு; குரங்கைக் கொல்ல நினைப்பது நம் பொருட்டு. முன்னதை அகிம்சையென்று துணிந்து கூறியவர், பின்னதை அவ்வாறு கூற மறுத்தார். கையிலிருக்கும் செயல் ஒன்றாயினும் எவருடைய நன்மை கருதியது என்பதனால் அது வேறாகின்றது. சாக்குப்பையை இந்த உரைகல்லில் வைத்துப் பாருங்கள். அங்கே காக்கப்படுவது நாயன்று; சொந்தக்காரரின் மனம். தம் கை நனையாதிருத்தல் என்னும் சிறு நலத்துக்காக நாயிடமிருந்து நான்கு நாள் வேதனை விலையாகப் பெறப்படுகின்றது.

திருக்குறளிலே கொல்லாமைக்கு முந்திய அதிகாரம் இன்னா செய்யாமை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்த முறைக்கு ஒரு பொருள் உண்டென்றே கொள்கின்றேன். முன்னதை விட்டுப் பின்னதை மட்டும் எடுத்துக்கொள்வோன் வள்ளுவரைப் பாதியிற் படித்தவன்.

என் நண்பருடைய கொல்லாமையை நான் இழித்துரைக்கவில்லை. கொல்லேன் என்னும் விரதத்துக்கு நேர்மையான வழி ஒன்று உண்டு. குஜராத்துச் சமணர்கள் அதனைக் காட்டினார்கள். நொண்டியும் முடமுமான விலங்குகளை அவை இயல்பாக இறக்கும்வரை தீனியிட்டுப் பேணப் பாஞ்சராப்போல் என்னும் காப்பகங்களை நிறுவி, வணிகர் தம் வருவாயிற் பகுதியை அதற்கு ஒதுக்கினர். நாலடியாரும் சமண முனிவர் பாடலென்றே வழிவழி சொல்லப்படுவது. கொல்லாமை அவர்களுக்குச் சொல்லளவில் நிற்கவில்லை. செலவுக் கணக்கில் ஏறியிருந்தது. அடிபட்ட நாயைத் தன் திண்ணையிலே கிடத்தி, நாளுக்குப் பலமுறை புரட்டி, மலசலம் துடைத்து, வைத்தியர் தரும் வலிமருந்தை ஊட்டி, அது தானே கண்மூடும்வரை உடனிருப்பவரை நான் வணங்குவேன். ஊசி போடுக என்று அவரை வற்புறுத்தவும் மாட்டேன். நாம் அவர்களிடமிருந்து பெற்றுக்கொண்டதோ கொல்லேன் என்னும் சொல் மட்டும். பேணுவேன் என்பதை விட்டுவிட்டோம்.

தருமபுத்திரர் கதையும் ஈண்டு நினைவுக்கு வரும். இறுதிப் பயணத்திலே தம்பியரும் தேவியும் வீழ்ந்த பின்னர்த் தொடர்ந்து வந்தது நாய் ஒன்றே. அதனை விட்டுவிட்டு வானவூர்தியில் ஏறுக என்றான் இந்திரன். அடைந்ததைக் கைவிட மாட்டேன் என்று விண்ணுலகையே மறுத்து நின்றார் அவர். அங்கு அவர் கொடிதென்று கண்டது கைவிடுதலை.

இவ்வளவும் கூறியதனால், அடிபட்ட நாய்க்கெல்லாம் ஊசியே கதி என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டா. அஃது இதனினும் பெரிய கேடு. புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் இளமை வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகின்றது. உரோசர் என்னும் ஏழை இடையன். அவனுடைய ஆட்டுநாயின் பெயர் காப். சிறுவர் எறிந்த கல்லால் அதன் கால் அடிபட்டது. ஓடமாட்டாத நாய்க்கு உணவிட அவனுக்கு வசதியில்லை. ஆகவே அன்று மாலை அதனைத் தூக்கிலிட்டு முடிக்க எண்ணியிருந்தான். செய்தியறிந்த சிறுமி, உடன்வந்த பாதிரியாரைக்கொண்டு காலைப் பார்த்தாள். எலும்பு முறியவில்லை; பலத்த கன்றலே. வெந்நீரில் துணி நனைத்து ஒற்றடம் கொடுத்தனர். நாய் சில நாளில் மந்தைக்குத் திரும்பிற்று. உரோசர் கொடியவன் அல்லன். தூக்கிலிடத் துணியுமுன் அந்தக் காலைத் தொட்டுப் பார்க்க அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. நம் தோட்டங்களிலும் இப்படி ஒற்றடத்தில் தீரக்கூடிய காலுக்காக எத்தனை நாய்கள் மாண்டனவோ!

கால்நடை வைத்தியர்களிடம் கேட்டு அறிந்தவற்றுட் சில நம் ஆசிரிய அன்பர்களுக்குப் பயன்படும். நாய் தன் உடற்பாரத்தின் பெரும்பகுதியை முன்கால்களிலே தாங்குகின்றது. ஆகவே ஒரு பின்காலை இழந்த நாய் சில வாரத்தில் மூன்று காலில் ஓடப் பழகிவிடும். காலை எடுப்பதென்றால் நாம் அஞ்சுவதுபோல் அது அஞ்சுவதில்லை. எனக்குத் தெரிந்த மிளகுத் தோட்டமொன்றிலே, சுருக்குக் கம்பியால் கால் இழந்த நாய் இன்றும் பன்றியைக் குரைத்து விரட்டுகின்றது. துரத்துவதை மட்டும் விட்டுவிட்டது. முன்னினும் அறிவுடையதாயிற்று என்று அதன் சொந்தக்காரர் சொல்லிச் சிரிக்கின்றார். இடுப்பெலும்பு வெடித்த நாய்களுள்ளும் பல, அசையாது அடைத்து வைத்தால் நடக்கின்றன. முதுகெலும்பின் செய்தி வேறு. பின்காலின் விரலை அழுத்திக் கிள்ளும்போது கால் இழுபடுவது மட்டும் நற்குறி அன்று. அது அறிவின்றியும் நிகழும். வலியை உணர்ந்து திரும்பிப் பார்க்கின்றதா, முனகுகின்றதா என்பதே நோக்கத்தக்கது. அதிர்ச்சி தீருமுன் இதனையும் முடிவாகக் கொள்ளலாகாது. இங்குத்தான் நம் கண்ணீரும் நம் வேதாந்தமும் உதவாமற் போகின்றன. பார்க்கக் கற்றவர் பார்க்க வேண்டும்.

வேலைக்கு உதவுமா என்பது இந்த ஆராய்ச்சியில் இடம்பெறவே கூடாது என்பேன். இனி வேதனையின்றி உண்ணுமா, உறங்குமா, தன்னை வளர்த்தவரைக் கண்டு மகிழுமா என்பனவே கேள்விகள். இந்தியப் படையிலே பணிக்கு உதவாத நாய்களைக் கொன்றுவிடும் வழக்கம் இருந்தமை 2015ஆம் ஆண்டு வெளியாகிப் பெருங் கண்டனத்துக்குள்ளாயிற்று. பின்னர் அவற்றைப் பேணவும் விரும்புவோர்க்கு வளர்க்கக் கொடுக்கவும் வழி செய்தனர். அதே படையிலே 2022ஆம் ஆண்டு அக்டோபரில், காசுமீரத்து அனந்தநாக்கில் சூம் என்னும் நாய் இரு குண்டுகள் பாய்ந்த பின்னும் தன் பணியை விடவில்லை. அதனைச் சிறீநகர் மருத்துவமனையில் வைத்து அறுவைச் சிகிச்சை செய்து காக்க முயன்றனர். 13ஆந் திகதி அது இறந்தது. முயன்றும் பிழைக்கவில்லையே, அந்தச் செலவு வீணன்றோ என்பார்க்கு நான் என்ன சொல்ல? அந்நாயின் சேவையை அவர்கள் குண்டு பட்ட நாளோடு கணக்கு முடித்துக்கொள்ளவில்லை.

செலவு என்றேன். இங்கேதான் வழுக்குகின்றோம். ஒரு தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது அதுவே பெரும் போராட்டத்தின் பயன். பின்னர் அது உயர்ந்திருக்கின்றது. ஆனால் மலையிலிருந்து நாயை முச்சக்கர வண்டியில் ஏற்றி மாத்தளைக்கு இறங்கி, அங்கும் முடியாதெனின் பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக வைத்தியசாலைவரை சென்று மீளும் கூலி, பல நாட் கொழுந்தை விழுங்கிவிடும். பஸ்ஸிலே நாயை ஏற்றமாட்டார்கள். இப்படிப்பட்டவரிடம் போய், சாக்கைக் கீழே வை, அறம் கேள் என்று பேசுவது எளிது. 1907இல் நம் நாட்டில் விலங்கு வதைத் தடைச்சட்டம் இயற்றப்பட்டது; அதிலே நூறு ரூபா என்று வைத்த தண்டத்தை நூறாண்டு கழிந்தும் உயர்த்தாமலே விட்டிருந்தனர். அரசு வைத்தியரோ ஒரு பெரும் பிரதேசத்தின் மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் ஒருவராய் ஓடுகின்றார். சட்டத்தை நம்பியும் பயனில்லை. வைத்தியரைக் குறை கூறியும் பயனில்லை.

காவலின் பயனை நாய்க்குரியவர் மட்டுமா துய்க்கின்றார்? பன்றி தின்னாத கரட்டும் போஞ்சியும் சந்தைக்கு வருகின்றன. நாம் வாங்கி உண்கின்றோம். ஆதலால் வண்டிக் கூலி அந்த ஒருவர் தலையில் மட்டும் விழுவது நியாயமன்று. தோட்டக் கமிட்டி உண்டு, கோயிற் சபை உண்டு, சனசமூக நிலையம் உண்டு, ஊருக்கு ஊர் இலக்கிய வட்டமும் உண்டு. திருவள்ளுவர் விழாவிலே மாலைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆகும் தொகையில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாமென்று எங்கள் வட்டத்திலே முன்மொழிந்தேன். சிரித்தவர் சிலர்; வழிமொழிந்தவர் இருவர். இலக்கிய வட்டம் நாய்க்கு வண்டி பிடிப்பதா என்றார் ஒருவர். நாலடியாரை நடத்துபவர் பிடிக்காமல் யார் பிடிப்பது என்று கேட்டேன். அன்று முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை. வரும் கூட்டத்து நிகழ்ச்சி நிரலில் அது மூன்றாவதாக இருக்கின்றது.

அதுவரை மாணவர் அறிந்திருக்க வேண்டியவை சில. வலியிற் கிடக்கும் நாய் வளர்த்த கையையும் கடிக்கும். ஆகவே மூச்சுக்குத் தடையில்லையெனக் கண்டு, முதலில் துணியால் வாயைச் சுற்றிக் கட்டுக. வாயே சிதைந்திருப்பின் கட்டலாகாது. போர்வையால் தலையைப் போர்த்துத் தூக்குக. கையைக் காலைப் பிடித்துத் தூக்கினால் முறிந்த முதுகு மேலும் கெடும், பலகையில் நகர்த்துக. நாம் விழுங்கும் வலிமாத்திரைகளுட் சில நாய்க்கு நஞ்சு, எதனையும் கொடாதிருக்க. தீனியும் வேண்டா. கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி, உடனே ஆசுப்பத்திரிக்குப் போக வேண்டும். உக்குவளைப் பக்கத்திலே இளைஞர் சிலர் இடிந்த வீடொன்றின் பழைய கதவைக் கழற்றி, இருபுறமும் கயிறு கோத்து, சந்திக் கடையின் பின்சுவரிலே சாத்தி வைத்திருக்கின்றார்கள். கடைக்காரரிடம் கேட்டால் எடுத்துத் தருவார்.